ஏழாம் இடத்துக்கு ஓர் ஆள்

சிப்பிமுனைக் கரையில் வலையிழுக்க ஆள் எடுப்பது என்பது முன்பெல்லாம் ஒரு பீடி குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிடுகிற காரியமாக இருந்தது, வந்தவனின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார்கள், குதிகாலைப் பார்ப்பார்கள், அப்பன் பேரைக் கேட்பார்கள், கயிற்றில் கொண்டுபோய் நிறுத்துவார்கள், அவ்வளவுதான். ஆனால் தெற்குக் கயிற்றில் ஏழாம் இடத்துக்காரனான தொபியாஸ், கடலடிப் பாறையில் சிக்கிய வலையை எடுத்துவிட முங்கியவன் மேலே வராமலே போன பிறகு, அந்த ஓர் இடத்துக்கு ஆள் எடுக்க எங்களுக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று, அந்தப் பதினான்கு மாதமும் அந்த இடத்தில் கயிறு தரையில் விழவே இல்லை.

எங்கள் வலையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விடிந்ததும் ஒரு படகு வலையைக் கடலுக்குள் கொண்டுபோய் அரைவட்டமாகப் போட்டுவிட்டு வரும், வலையின் இரண்டு பக்கத்துக் கயிறும் கரைக்கு வரும், வடக்குக் கயிற்றில் பதினெட்டுப் பேர், தெற்குக் கயிற்றில் பதினெட்டுப் பேர் வரிசையாக நின்று, மணலில் குதிகாலை ஊன்றி, மத்தியானம் வரைக்கும் இழுப்பார்கள். அந்த வரிசையில் ஒருவன் திடீரென்று கையை விட்டால் பாரம் பக்கத்திலிருப்பவன் விலாவில் இறங்கும், அப்படி இறங்கி ரத்தம் கக்கியவர்கள் எங்கள் கரையில் உண்டு, ஆகையால் தண்ணீர் குடிக்கப் போகிறவனானாலும் சரி, பெண்டாட்டிக்குப் பிரசவ வலி என்று ஓடுகிறவனானாலும் சரி, மாற்று ஆள் பின்னால் வந்து நின்று, தோளில் கைவைத்து, ‘பிடிச்சாச்சு, நீ விடு’ என்று சொன்ன பிறகுதான் விடுவான். சொல்லாமல் விட்டவன் ஒருவனும் இல்லை. அந்தக் கட்டு எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசையைவிடப் பெரிது.

தொபியாஸ் போன மூன்றாம் நாள், வீட்டு அடுப்புகள் எரிய வேண்டுமே என்று வலையைப் போட்டோம். ஏழாம் இடத்தை மரியாதைக்குக் காலியாக விட்டிருந்தோம். ஆறாம் இடத்து கஸ்பாருக்கும் எட்டாம் இடத்து லெயோனுக்கும் நடுவே தொய்ந்து தொங்க வேண்டிய கயிறு, இடுப்பு உயரத்தில் விறைத்து நின்றது, அதில் இரண்டு கைப்பிடி அகலத்துக்கு நார் அமுங்கியிருந்தது, அமுங்கிய இடத்திலிருந்து கடல்தண்ணீர் சொட்டியது, கீழே மணலில் இரண்டு குதிகால் குழிகள் ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாயின. கஸ்பார் திரும்பிப் பார்த்தான், ‘வந்துட்டான்’ என்றான், மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டான், இழுக்கிறவன் இழுப்பை நிறுத்தக் கூடாது என்பதால். இடைவேளையில்தான், ‘ஏல தொபியாசு, பீடி வேணுமால?’ என்று கேட்டான், பதில் வராமல் போகவே, ‘நனைஞ்ச கையி, எப்படிப் பிடிப்பான்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவனுடைய பீடியையும் சேர்த்து அவனே குடித்தான்.

அன்றைக்கே ஊருக்குத் தெரிந்தது, மறுநாளே ஊருக்குப் பழகியது. பங்குச்சாமியார் பூசை முடித்த கையோடு அங்கியை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ‘இழுக்கானா, சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கானா?’ என்று கேட்டார். ‘இழுக்கான் சாமி, உசுரோட இருந்ததவிட நல்லாவே இழுக்கான்’ என்றான் கஸ்பார். ‘அப்படின்னா பாவத்துல சேராது’ என்று சொல்லித் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். பேர்ப்பட்டியல் சரிபார்க்க வந்த கரைச் சங்கத்து எழுத்தர் அரைமணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டு, தொபியாஸ் பேருக்கு நேரே ‘வருகை உண்டு, கையெழுத்து இயலாது’ என்று எழுதினார். மீன் வாங்க வரும் பெண்கள் கயிற்றைத் தாண்ட வேண்டியிருந்தால் எந்த இடத்திலும் தாண்டினார்கள், ஏழாம் இடத்தில் மட்டும் சுற்றிப் போனார்கள், அதுவும் பயத்தினால் இல்லை, உயிரோடிருந்த நாளிலும் அவன் வேலையில் இருக்கும்போது யாராவது குறுக்கே வந்தால் கெட்ட வார்த்தை சொல்லுவான்.

தொபியாசின் பெண்டாட்டி செலஸ்தீனா தினமும் தெற்குக் கயிற்றுக்குத் தேநீர் கொண்டுவருகிறவள். பதினெட்டுக் கண்ணாடித் தம்ளர், முன்பும் பதினெட்டு, பிறகும் பதினெட்டு. ஏழாவது தம்ளரைக் குதிகால் குழிக்குப் பக்கத்தில் மணலில் பதித்து வைப்பாள். எல்லாரும் குடித்து முடித்துத் தம்ளர்களைப் பொறுக்கும்போது அது நிறைந்தபடியே இருக்கும், ஆனால் ஒரு வாய் வைத்துப் பார்த்தால் ஐஸ் மாதிரிக் குளிர்ந்து, கடல்தண்ணீராகக் கரிக்கும். தினமும் அந்த ஒரு வாயைக் குடித்துவிட்டு, மீதியைக் கடலில் ஊற்றிவிட்டு, ‘அவரு குடிச்சிட்டாரு’ என்பாள். வலை கரையேறிக் கயிறு சுருளாகச் சுற்றப்பட்டு, ஆட்கள் மீனைப் பார்க்கப் போன பிறகு, அந்தச் சுருளுக்குள் கையை விட்டு, அமுங்கிய அந்த இரண்டு பிடி அகலத்தைத் தேடிக் கண்டுபிடிப்பாள், மேலே குளிர்ந்து உள்ளே காய்ச்சல்காரனின் நெற்றி மாதிரிச் சூடாக இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு, ஓடு சரிந்தது, ஆடு குட்டி போட்டது, மூத்தவள் பரீட்சையில் தேறியது என்று வீட்டுச் சேதி முழுவதும் சொல்லிவிட்டு எழுந்து போவாள். ஊரில் மற்றப் பெண்களுக்குப் புருசன்மார் வீட்டுக்கு வந்த பிறகும் இவ்வளவு பேசக் கிடைத்ததில்லை என்று அவர்களே சொன்னார்கள்.

ஆனால் கரைச் சங்கத்துக்கு ஒரு விதி இருந்தது, கயிற்றில் ஓர் இடம் நாற்பது நாளுக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை, ஏழாம் இடத்துக்கு ஆள் பார்க்கும் நாள் என்று வைத்தோம், பார்த்துக்கொண்டிருக்கிற வரைக்கும் சங்கம் கேள்வி கேட்காது. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி இஞ்ஞாசியார் செலஸ்தீனாவுக்குத் தாய்மாமன். தண்ணீர் கலங்கிக் கிடந்த அன்றைக்கு, வலையை அறுத்து விட்டுவிடலாம் என்று மூன்று பேர் சொன்ன பிறகும், ‘ஒரே ஒரு முங்கு மருமவனே’ என்று தொபியாசைப் பார்த்துச் சொன்னவர் அவர்தான். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எதையும் ‘ஒரே ஒரு’ என்று சொல்லிக் கேட்டதில்லை. முதல் திங்கட்கிழமை அவர் எல்லார் முன்னாலும் செலஸ்தீனாவிடம் சொன்னார்:

‘பிள்ள, நீ சரின்னாத்தான் ஆளு. நீ வேண்டாம்னா வேண்டாம்.’

செலஸ்தீனா தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை, பிறகு தெரிந்தது.

வந்தார்கள், எத்தனையோ பேர் வந்தார்கள். பக்கத்துக் கரையிலிருந்து தூண் மாதிரி ஒருவன் வந்தான், கயிற்றைப் பிடித்து முழுப் பலத்தோடு இழுத்தான், ஏழாம் இடத்தில் இழுக்க வேண்டியது எல்லாம் ஏற்கெனவே இழுக்கப்பட்டுக்கொண்டிருந்ததால் அவன் கையில் பாரம் என்று ஒன்றுமே இல்லை, தன் பலத்துக்குத் தானே பலியாகி மல்லாந்து விழுந்தான், மணலைத் தட்டிக்கொண்டு, ‘எனக்கு இங்க வேலையே இல்லையே’ என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு அடுத்து வந்தவன் புத்திசாலி, பாரம் இல்லை என்று தெரிந்ததும் பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க முக்கினான். ‘ஏல, இல்லாத பாரத்துக்கு எதுக்குல இந்த முக்கலு? பிள்ளையா பெறப் போற?’ என்று கஸ்பார் கேட்டான், முப்பத்தைந்து பேரும் சிரித்தார்கள், அவன் சட்டையைக்கூட எடுக்காமல் போய்விட்டான். பட்டணத்தில் படித்துவிட்டு வந்த ஒருவன் பிளாஸ்டிக் உறையில் பயோடேட்டா கொண்டுவந்தான், தலைமைப் பண்பு உண்டு என்று அதில் அச்சடித்திருந்தது. ‘தலைமை தாங்க இங்க பதினேழு பேரு இருக்கோம் மக்கா, இழுக்கத்தான் ஆளு வேணும்’ என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தோம்.

ஆள் எடுப்பதில் என்ன பார்க்க வேண்டும் என்று அந்த மாதங்களில் எங்கள் ஊரில் பேசாத வாய் இல்லை. கை பார்க்கணும் என்றார்கள், கால் பார்க்கணும் என்றார்கள், சோறு போட்டுப் பார்க்கணும், மெதுவாகத் தின்கிறவன் மெதுவாக இழுப்பான் என்றார்கள், அடுத்தவனைப் பார்த்து ஊர் சிரிக்கும்போது இவன் மூஞ்சியைப் பார்க்கணும் என்றார்கள், முடி திருத்துகிறவர், உட்காரச் சொன்னதும் உட்காருகிறவனை எடுக்காதீர்கள் என்றார், ஏன் என்று கேட்டதற்கு அவருக்கும் தெரியவில்லை. எல்லாவற்றையும் பார்த்தோம், எல்லாவற்றிலும் தேறியவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவனைப் பார்த்துச் செலஸ்தீனா, இவன் கண்ணு கடலப் பார்க்கமாட்டேங்குது என்பாள், இன்னொருவனை, இவன் கடலையேதான் பார்க்கான் என்பாள், ஒருவனுக்குக் குரல் சரியில்லை, ஒருவன் தேநீரை ஊதாமல் குடித்தான். இஞ்ஞாசியார் ஒவ்வொரு தடவையும், ‘பிள்ள சொன்னாச் சரிதான்’ என்று எழுந்துகொள்வார். தொபியாசைத் தவிர வேறு யாராக வந்தாலும் தொபியாசாக இல்லாத குற்றம் அவனிடம் இருக்கும் என்பது எங்களுக்கு விளங்காமல் இல்லை.

இன்னொன்றும் விளங்காமல் இல்லை, அதைத்தான் சொல்லக் கூசுகிறது. வந்த ஒருவனுக்கும் எங்கள் கரையின் வார்த்தையை நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. பிடிச்சாச்சு, நீ விடு என்று அந்த இடத்தில் ஒருவன் சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் ஒருவனும் விடமாட்டான், செத்தாலும் விடமாட்டான் என்பது முப்பத்தைந்து பேருக்கும் தெரியும், சாமியாருக்குத் தெரியும், முடி திருத்துகிறவருக்குத் தெரியும். அடுத்தவன் சொல்லிக் கொடுப்பான் என்று ஒவ்வொருவனும் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். செலஸ்தீனாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை என்று பிறகு சமாதானம் சொல்லிக்கொண்டோம். வலை நன்றாக வந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு உண்மை.

பதிமூன்றாம் மாதம் கயிறு இறங்க ஆரம்பித்தது. இடுப்பு உயரத்தில் நின்றது தொடை உயரத்துக்கு வந்தது, பிறகு முழங்காலுக்கு. முதலில் கண்டுகொண்டவள் செலஸ்தீனாதான். தொபியாசுக்கு இடது பாதத்தில் பழைய முள் ஒன்று உண்டு, கல்யாணத்துக்கு முன்பு ஏதோ மீன் குத்தியது, களைத்துப்போனால் அந்தக் காலைத் தரையில் இழுப்பான். இப்போது இடது குழி வலது குழியைவிட ஒரு சாண் பின்னுக்கு, ஒழுங்கில்லாமல், இழுபட்டுக் கிடந்தது. அவள் தேநீர்த் தட்டை வைக்கிற சாக்கில் குனிந்து, காலால் மணலைத் தள்ளி அந்தக் குழியை மூடினாள். மறுநாள் இன்னும் நீளமாக இருந்தது, மறுநாளும் மூடினாள். ஒரு மாதம் அப்படியே மூடினாள். கஸ்பார் பார்த்தான், முன்னால் திரும்பிக்கொண்டான்.

பதினாலாம் மாதத்துத் திங்கட்கிழமை மாடக்கண்ணு என்று ஒருவர் வந்தார். கரிசல்காட்டுப் பக்கம், நாற்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லி, முன்பல் ஒன்று இல்லை. நீச்சல் தெரியுமா என்று கேட்டதற்குக் கிணற்றிலேயே இறங்கியதில்லை என்றார். உள்ளங்கையைத் திருப்பினோம், தலையணை மாதிரி இருந்தது.

‘இதுக்கு முன்னால என்ன சோலி?’ என்றார் இஞ்ஞாசியார்.

‘ஆஸ்பத்திரியில ஸ்ட்ரெச்சர் தள்ளுனேன்யா. இருவது வருசம். இப்ப வேற கம்பெனி எடுத்திருச்சு, வேற ஆளு போட்டுக்கிட்டாங்க.’

‘இங்க சக்கரம் கிடையாது அண்ணாச்சி’ என்றான் லெயோன். எல்லாரும் சிரித்தோம், அவரும் சிரித்தார், ஓட்டைப் பல் தெரிய.

ஏழாம் இடத்துக்குக் கூட்டிப்போனோம். வந்தவர்கள் எல்லாரும் பாய்ந்து கயிற்றைப் பிடித்தார்கள், இவர் பிடிக்கவில்லை. ஓரமாக நின்றார். சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தார், குனிந்து மணலைப் பார்த்தார், கயிறு நடுங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், ராத்திரி வார்டில் நோயாளி தூங்குகிறானா என்று எட்டிப் பார்க்கிறவர் மாதிரி.

‘இங்க ஒருத்தரு நிக்காரே’ என்றார்.

தேநீர்த் தட்டோடு நின்ற செலஸ்தீனா காலால் மணலைத் தள்ளி இடது குழியை மூடினாள், அவர் அதைப் பார்த்தார்.

‘இடது காலு முடியல போலிருக்கு. ரொம்ப நேரமா நிக்காரோ?’

‘பதினாலு மாசமா’ என்றான் கஸ்பார். அவன் குரல் அப்படி இறங்கி நாங்கள் கேட்டதில்லை.

‘யாருமே மாத்தி விடலையா?’

இஞ்ஞாசியார் செலஸ்தீனாவைப் பார்த்தார். ‘என்ன பிள்ள சொல்ற?’

‘வேண்டாம்’ என்றாள். ‘நீச்சல் தெரியாத ஆளு.’

‘அதுவும் சரிதான் தாயி’ என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பதினொரு மணிப் பேருந்துக்கு மாடக்கண்ணு மணலில் நடந்து போனார். போகும்போது ஏழாம் இடத்தைத் திரும்பிப் பார்த்து, விடைபெறுகிற மாதிரித் தலையை அசைத்தார்.

செலஸ்தீனா மறுபடி இடது குழியைக் காலால் மூடினாள். மணல் தள்ளத் தள்ள உள்ளே போயிற்று. இன்னும் தள்ளினாள். கால் முழங்கால்வரை புதைந்தது, அடியில் தண்ணீர் இருந்தது, அது கடல்தண்ணீர் மாதிரிக் குளிராக இல்லை, வெதுவெதுப்பாக இருந்தது, காலை வெளியே எடுத்தபோது கணுக்காலைச் சுற்றி ரத்தம் கரைந்த மாதிரி இளஞ்சிவப்பாக ஒரு கோடு. அவள் அந்தக் கோட்டைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். அப்புறம் தட்டைக்கூடக் கீழே வைக்காமல், பதினெட்டுத் தம்ளரும் தளும்ப, பேருந்து நிற்கும் இடத்தைப் பார்த்து ஓடினாள்.

அங்கே நடந்ததைப் பேருந்துக்கு நின்ற பெண்கள் சொல்லித்தான் அறிவோம். மூச்சிரைக்க வந்து நின்றாளாம். மாடக்கண்ணு எழுந்து தட்டை வாங்கிக் கல்லின் மேல் வைத்தாராம்.

‘அவரு என் வீட்டுக்காரரு’ என்றாளாம்.

‘தெரியும் தாயி. நீங்க மணலத் தள்ளும்போதே தெரிஞ்சது.’

‘நீரு வாரும். ஆனா கயித்தத் தொடுறதுக்கு முன்னால அவரு தோள்ல கைய வச்சு ஒரு வார்த்தை சொல்லணும். சொன்னாத்தான் விடுவாரு.’

‘அத நீங்களே சொன்னா என்ன? உங்க குரலக் கேட்டுட்டுப் போவாருல்லா?’

‘நான் சொல்லக் கூடாது’ என்றாளாம். ‘பிடிக்கப் போறவன்தான் சொல்லணும். நான் சொன்னா அது பொய்யாயிரும். அவரு என்கிட்ட வந்து, பொய் சொன்னியாட்டின்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?’

பிறகு அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தாளாம். இரண்டு தடவை சொல்லிக் காட்டினாள், இரண்டாவது தடவை பாதியிலேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், மீதியை அவரே சொல்லி முடித்தார். பேருந்து வந்து, நின்று, போனது.

அவர்கள் திரும்பி வருவதைப் பார்த்ததும், யாரும் சொல்லாமலே இழுப்பு நின்றது. கயிற்றைப் பிடித்தபடியே நின்றோம். செலஸ்தீனா ஏழாம் இடத்துக்கு எதிரே போய் நின்றாள். காற்றில், கழுத்து உயரத்தில், இரண்டு கையாலும் எதையோ சரிசெய்தாள், தொபியாஸ் எப்போதும் சட்டைக் காலரை உள்ளே மடித்துக்கொண்டு அலைகிறவன். அப்புறம் விலகி வழிவிட்டாள்.

மாடக்கண்ணு பின்னால் போய் நின்றார். வெறும் காற்றில் கையைத் தூக்கி வைத்தார், அந்தக் கை எதன் மேலோ உட்கார்ந்தது.

‘பிடிச்சாச்சுண்ணே’ என்றார். ‘நீங்க விடுங்க.’

அலை ஒன்று வந்து போனது. பிறகு பதினான்கு மாதத்துப் பாரம் ஒரே மூச்சில் அந்த மெல்லிய மனிதர் மேல் இறங்கியது, அவர் முழங்காலில் விழுந்தார், விழுந்தவரைக் கயிறு மணலில் நாலு முழம் கடலைப் பார்த்து இழுத்துப் போனது, கஸ்பாரும் லெயோனும் அலறினார்கள், பதினேழு பேரின் விலாவிலும் அந்தப் பாரம் இறங்கியது, இவ்வளவையா ஒருத்தன் தாங்கி நின்றான், இவ்வளவையா தாங்க விட்டோம் என்று ஒவ்வொருவனுக்கும் உடம்பில் உறைத்தது, உள்ளங்கை கிழிந்தும் மாடக்கண்ணு விடவில்லை.

ஏழாம் இடத்திலிருந்து ஈரமான காலடிகள் புறப்பட்டன. வலது கால் சரியாக, இடது கால் இழுத்தபடி. இஞ்ஞாசியாரைத் தாண்டும்போது அவர் தலைத்துண்டை அவிழ்த்து, ‘மருமவனே...’ என்றார், காலடி அவர் பக்கம் நிற்கவில்லை. செலஸ்தீனாவுக்கு முன்னால் வந்ததும் இரண்டு பாதமும் அவளைப் பார்த்துத் திரும்பின, அந்த இரண்டு அடையாளத்திலும் தண்ணீர் தேங்கி, மணல் அதைக் குடித்து, மறுபடி தேங்கி, மறுபடி மணல் குடிக்கும் வரை அங்கேயே நின்றன. அவள் ஒன்றும் பேசவில்லை. பதினான்கு மாதத்துச் சேதியும் அன்றன்றைக்கே சொல்லியிருந்தாள், மிச்சம் இருந்திருக்காது. பிறகு காலடிகள் இறங்கிப் போயின. முதல் அலை கடைசி அடியை அழித்தது.

வலை வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. கொஞ்சம் சாளை, நிறைய, விலைபோகாத சொறிமீன், அவ்வளவுதான். யாரும் குறைசொல்லவில்லை.

செலஸ்தீனா ஆறிப்போன தேநீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொண்டுவந்தாள். பதினெட்டுத் தம்ளர். ஏழாவது தம்ளரை மணலில் வைக்கக் குனிந்தவள் நிமிர்ந்து, அதை மாடக்கண்ணு கையில் கொடுத்தாள். அவரால் உள்ளங்கையால் பிடிக்க முடியவில்லை, துண்டைச் சுற்றி, இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே வைத்து, பாதி குடித்தார். கையை நீட்டி மீதியை வாங்கினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் வழக்கம்போல ஒரு வாய் வைத்தாள்.

இனித்தது. வெறும் தேநீர், சூடாக, இஞ்சி வாசனையோடு.

அவள் அப்படியே நிற்பதைப் பார்த்து மாடக்கண்ணு பதறினார். ‘என்ன தாயி, சீனி கூடிப்போச்சா?’

‘இல்ல’ என்றாள். ‘சரியாத்தான் இருக்கு.’

கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, மீதியையும் சொட்டு விடாமல் குடித்தாள்.